ஆறாம் அத்தியாயம்: “உங்களுக்கு ஒன்றுமில்லை”

மார்கழி மாதத்து விடியற்காலை ஒன்றில், வாசல் தெளித்துவிட்டுக் கோலப்பொடிக் கிண்ணத்தில் கைவிட்டபோது, கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றோடொன்று சேர மறுத்து, பொடி இழையாக இறங்காமல் பொத்தென்று ஒரே இடத்தில் கொட்டிப்போயிற்று. அந்த நாளையே என் வியாதியின் தொடக்க நாளாக இன்றுவரை கணக்கிட்டு வருகிறேன். எனக்கு அப்போது வயது 34. அன்று காலை ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை. குக்கர் மூடியைத் திருக முடியவில்லை. பால் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துத்தான் கிழிக்க வேண்டியிருந்தது. ஆனால் மாலை ஏழு மணிக்கு, 43 என்று எழுதிய பிளாஸ்டிக் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்து மருத்துவர் முன் போய் உட்கார்ந்தபோதோ, அதே விரல்கள் ஒரு குறையும் அறியாதவைபோல மடங்கின, நீண்டன. அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். மறுநாள் முடிவைப் படித்துவிட்டு, என்னிடமன்று, எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த என் கணவரிடம் சொன்னார்: “இவங்களுக்கு ஒண்ணும் இல்ல சார். எல்லாம் நார்மல். கொஞ்சம் டென்ஷன் ஜாஸ்தி. நாலு நாள் எங்கேயாவது கூட்டிட்டுப் போயிட்டு வாங்க.”

முடக்குவாதம் என்ற பெயர் என் சீட்டில் ஏறுவதற்கு அதன்பின் இரண்டரை வருஷம் சென்றது; நான்கு மருத்துவர்களைப் பார்க்க வேண்டியிருந்தது.

நாட்பட்ட வியாதிக்காரர்களில் இந்த ஒற்றை வாக்கியத்தைக் கேளாதவர் சிலரே. அதைக் கேட்டவுடன் முதலில் ஒரு க்ஷணம் நிம்மதியே உண்டாகிறது. ஆட்டோவில் ஏறி வீடு வந்து சேர்வதற்குள் அது கரைந்துபோய், ஒன்றுமில்லையென்றால் நாளைக் காலையில் விரல் ஏன் மடங்காது என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. வீட்டிலோ அந்த வாக்கியம் ஒரு நீதிமன்றத் தீர்ப்பாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. “டாக்டரே ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டாரே, இன்னும் என்ன?” என்று என் அத்தை கேட்டார், குரோதத்தோடு கேட்கவில்லை, உண்மையான ஆச்சரியத்தோடுதான் கேட்டார். நாளடைவில், மற்றவர்கள் நம்மை நம்பாததைவிட, நாமே நம்மை நம்பாமற்போகும் ஒரு நிலை வந்து சேர்கிறது. வலிக்கும் கையைப் பார்த்து, இது நிஜந்தானா, நாமாகக் கற்பித்துக்கொண்டதா என்று சந்தேகிக்கத் தொடங்குகிறோம். வியாதி தரும் உபாதைகள் பலவற்றுள் இதைத்தான் நான் மிகக் கொடியதாக அனுபவித்தேன். வைத்தியர்களோடு சண்டையிடும் வகையையோ, வாய்மூடிப் பொறுத்துப்போகும் வகையையோ இந்த அத்தியாயம் கற்பிக்கப் போவதில்லை. நம் உடம்புக்குள் நடப்பதை இன்னொருவர் அறியும்படி செய்வது ஒரு வித்தை. அதைத் தாமதமாகக் கற்றுக்கொண்டவள் என்ற அளவில், கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் ‘நார்மல்’ என்ற சொல்லைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஆரோக்கியமுள்ளவர்கள் பலருடைய ரத்தத்தை எடுத்துப் பார்த்து, அவர்களில் நடுவிலுள்ள நூற்றுக்கு 95 பேரின் அளவுகள் எந்த எல்லைக்குள் அடங்குகின்றனவோ, அந்த எல்லையைத்தான் பெரும்பாலான பரிசோதனைத் தாள்களில் வலப்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அதற்குள் நம் அளவு விழுந்தால், கேட்ட கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தது என்பதே பொருள். கேளாத கேள்விக்கு அந்தத் தாள் பதில் சொல்லாது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கையிலேயே, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் கிடக்கலாம். அதைத் தனியாக எழுதிக் கொடுத்தாலன்றி ஆய்வுக்கூடத்தார் பார்ப்பதில்லை. மாதந்தோறும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கும் பெண்ணுக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலும், சாதாரண ஸ்கேன் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடக்கூடும். என் விஷயத்தில் எழுதப்பட்டது ஆர்.ஏ. ஃபேக்டர் என்னும் பரிசோதனை. முடக்குவாதக்காரர்களில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேர்வரை அது இல்லையென்றே வரும் என்பதும், எலும்பு அரிக்கப்பட்ட பிறகே சாதாரண எக்ஸ்-ரேயில் அடையாளம் தெரியும் என்பதும் எனக்கு அப்போது தெரியா. தெரிந்திருந்தால், “இந்தப் பரிசோதனை சரியாக வந்தும் இந்த வியாதி இருக்க வாய்ப்புண்டா?” என்று ஒரு கேள்வியைக் கேட்டிருப்பேன். வாசகர் அதை மனப்பாடம் செய்துகொள்ளலாம். எந்தப் பரிசோதனைக்கும் பொருந்தும், எந்த மருத்துவரையும் புண்படுத்தாது.

காரணம் தெரியாத வியாதிக்கு மனத்தைக் காரணமாகச் சொல்வது வைத்திய உலகில் நெடுநாளைய வழக்கம். வயிற்றுப்புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கவலையாலும் காரத்தாலும் வருவது அது என்று மருத்துவர்களும் சொன்னார்கள், நம் வீட்டுப் பாட்டிமார்களும் சொன்னார்கள். இன்றுங்கூட ‘அல்சர்’ என்று சொன்னவுடன், “வேளைக்குச் சாப்பிடு, கவலைப்படாதே” என்பதே நாம் கேட்கும் உபதேசம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இருவர், அப்புண்ணுள்ளவர்களின் இரைப்பையில் ஒரு பாக்டீரியா குடியிருப்பதைக் கண்டு, 1982இல் அதை ஆய்வகத்தில் வளர்த்தும் காட்டியபோது, அமிலம் நிறைந்த வயிற்றில் கிருமி வாழுமா என்று நகைத்தவர்களே அதிகம். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, சில நாட்களில் இரைப்பை அழற்சி கண்டு, பிறகு மருந்துண்டு தேறினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்னே, கவலையை விடு என்ற மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் எத்தனை லட்சமோ! இதனால், மனம் காரணமென்று சொல்லும் மருத்துவரெல்லாம் தவறு செய்கிறார் என்று ஆகிவிடாது. மனக்கலக்கம் உடம்பை வாட்டுவதும் உண்மை. ஆயினும் தேடிப் பார்த்து வேறொன்றும் இல்லையென்று கண்டபின் சொல்வதற்கும், தேடாமலே சொல்வதற்கும் உள்ள தூரம் பெரிது.

மருத்துவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 67 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2017இல் பி.எம்.ஜே. ஓப்பன் என்னும் இதழில் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரு நோயாளிக்கு ஸ்வீடனில் 22 நிமிஷத்துக்கு மேல் கிடைக்கிறது. நம் தேசத்தில் சுமார் இரண்டு நிமிஷம். வங்காளதேசத்தில் 48 விநாடி. டோக்கன் 43க்குப் பின்னால் 70 வரை வரிசை நீண்டிருக்கையில், எந்த மனிதரும் சீக்கிரம் ஒரு முடிவுக்கு வரவே முயல்வார். அமெரிக்காவில் ஹோவர்ட் பெக்மன், ரிச்சர்ட் ஃபிராங்கல் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரி 18 விநாடிக்குள் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று கண்டார்கள். விட்டால் இவர்கள் ஓய மாட்டார்கள் என்ற பயமே அதற்குக் காரணம். அந்தப் பயம் நியாயமானதா என்பதைச் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் சோதித்தார்கள்; 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேசவிட்டபோது, அவர்கள் தாமாகப் பேசி முடிக்கச் சராசரியாக எடுத்துக்கொண்டது 92 விநாடி. அந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஒன்றரை நிமிஷம்! மருத்துவர் பயந்தது வீண். ஆனால் நமக்கு அதில் ஒரு பாடமிருக்கிறது. நம் கையில் இருப்பது ஒன்றரை நிமிஷமே என்று வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை முந்தின இரவே அந்த அளவுக்குள் அமைத்து, கைபேசியின் கடிகாரத்தை வைத்துக்கொண்டு இரண்டு முறை உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பதுபோல் வெட்கமாக இருக்கும். இருக்கட்டும்.

இது புதிய யோசனையுமன்று. சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் ஒன்பதாம் அத்தியாயத்தில் சிகிச்சைக்கு வைத்தியர், மருந்து, உடனிருப்போர், நோயாளி என நான்கு பாதங்கள் கூறப்படுகின்றன. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ம் அதே நால்வகையைச் சொல்லி முடிகிறது, ஆனால் வள்ளுவர் நோயுற்றவனை முதலில் நிறுத்தியிருக்கிறார். யாரை முதலில் வைப்பது என்னும் விவாதம் பண்டிதர்களுக்கு உரியது; என்னை ஈர்த்தது, நோயாளிக்கு வேண்டிய குணங்கள் என்று சரகர் தரும் பட்டியல். நினைவு, சொன்னபடி நடத்தல், அஞ்சாமை ஆகிய மூன்றோடு, தன் நோயை அறிவிக்கும் திறமை என்று நான்காவது ஒன்றையும் அவர் வைக்கிறார். சொன்னபடி நடப்பதை மட்டும் எல்லாரும் நமக்கு ஞாபகப்படுத்துகிறார்கள். அஞ்சாமையும் அறிவித்தலும் அதே வரிசையில் இருக்கின்றன என்பதை யாரும் சொல்வதில்லை.

அறிவிப்பதில் நம் தாய்மொழி நமக்குச் செய்யும் உபகாரம் பெரிது. நாமோ அதை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறோம். ‘பெயின்’ என்ற ஒரே சொல்லுக்குள் நாம் அடைத்துவிடும் உணர்ச்சிகளுக்குத் தமிழில் குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு, உளைச்சல், பிடிப்பு, மதமதப்பு, விண்விண்ணென்று தெறித்தல், சுருக்கென்று தைத்தல் எனத் தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. இவை வெறும் அலங்காரமல்ல. எரிச்சலும் மதமதப்பும் என்றால் நரம்பைப் பற்றி யோசிக்கத் தோன்றும்; விடியற்காலை விறைப்பு என்றால் மூட்டின் அழற்சியைப் பற்றி; நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நின்றால் விடுகிறது என்றால் ரத்த ஓட்டத்தைப் பற்றி. இவற்றையெல்லாம் கலைத்துவிடுவது ‘வீக்காக இருக்கிறது’ என்று நாம் தினமும் வழங்கும் வார்த்தை. அசதியும் வீக், தலைசுற்றலும் வீக், மூச்சு வாங்குவதும் வீக், தலைவாரக் கையைத் தூக்க முடியாததும் வீக்! கேட்பவர் எதை எடுத்துக்கொள்வார்? சத்து மாத்திரை எழுதிக் கொடுப்பார். அந்தச் சொல்லை நாக்கிலிருந்து அடியோடு நீக்கிவிட்டு, எது முடியவில்லையோ அதைச் சொல்லுங்கள். “மாடிப்படி பன்னிரண்டு ஏறினால் நடுவில் ஒருமுறை உட்கார வேண்டியிருக்கிறது, ஆறு மாதத்துக்கு முன் அப்படி இல்லை.” இந்த வாக்கியத்தில் அளவும் இருக்கிறது, மாற்றமும் இருக்கிறது. ‘பயங்கரமாக வலிக்கிறது’ என்பதில் இரண்டும் இல்லை. பயங்கரம் என்ற சொல்லை அவர் அன்று காலையிலிருந்து நாற்பத்திரண்டு பேரிடம் கேட்டிருக்கிறார்.

என் பிழை இன்னொன்றும் உண்டு. காலையில் வரும் வியாதியை மாலையில் காட்டப் போனேன். வியாதிக்கும் ஒரு நேரம் இருக்கிறது. அது மருத்துவரின் நேரத்தோடு ஒத்துவராதபோது, அதைப் பிடித்துவைத்துக் கொண்டுபோவது நம் பொறுப்பாகிறது. வீங்கிய விரல்களையும் நன்றாக இருக்கும் மறுகையையும் அருகருகே வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் திட்டுத் தோன்றினால், மஞ்சளும் கிரீமும் பூசுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். குறிப்பு எழுதுவதையும் பெரிய காரியமாக்கிக்கொள்ள வேண்டாம். அழகான நோட்டு வாங்கி நான்கு நாள் எழுதி நிறுத்தியவள் நான். பின்பு, அடுப்பங்கரைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் அன்றன்று கிழிக்கும் தாளின் பின்புறத்தில், விரல் முழுதும் மடங்கிய நேரத்தை மட்டும் எழுதத் தொடங்கினேன்: 7.40, 8.05, 7.50. பதினோரு வாரத்துத் தாள்கள் ஒரு ரப்பர் பாண்டுக்குள் அடங்கின. நான்காவதாகப் பார்த்த மருத்துவர் முதலில் என் கையை வாங்கி, விரல்களின் அடிக்கணுக்களைச் சேர்த்துக் குறுக்காக ஒரு முறை அழுத்தினார். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். “காலைல எத்தனை மணிக்கும்மா எந்திரிப்பீங்க? எத்தனை மணிக்கு விரல் மடங்கும்?” என்றார். கட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். சீட்டாட்டக்காரரைப் போல அதை விரித்துப் பார்த்தவர், என் முகத்தைப் பாராமலே, “ரெண்டு மணி நேரத்துக்கு மேல” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு எழுதத் தொடங்கினார். ஆர்.ஏ. ஃபேக்டர் அப்போதும் இல்லையென்றே வந்தது. மூட்டு உறை வீங்கியிருப்பதை ஸ்கேன் காட்டிற்று.

அவர் அடுத்ததாகக் கேட்டது, நான் அதுவரை விழுங்கிய மாத்திரைகளைப் பற்றி. இதில் நம் ஊர் வழக்கம் ஒன்று நமக்கே சத்துருவாகிறது. சிறு கிளினிக்குகளில் மாத்திரைகளை அட்டையிலிருந்து கத்தரித்து, காகிதக் கவரில் போட்டு, ‘காலை, இரவு’ என்று மட்டும் எழுதிக் கொடுக்கிறார்கள். அவற்றுள் ஸ்டீராய்டு இருந்தால் வீக்கம் இரண்டு நாளில் வற்றி, நாம் கைராசிக்காரர் என்று கொண்டாடி, அடுத்த மருத்துவரிடம் வற்றிய கையோடு போய் நிற்போம். வலிமாத்திரையும் அப்படியே மூடி மறைக்கும். போதாக்குறைக்கு வயிற்றையும் புண்ணாக்கும். பெயர் இல்லாத மாத்திரையை ஏற்காதீர்கள். “இதன் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், எனக்கு அலர்ஜி வருவதுண்டு” என்று ஒரு பொய் சொல்லியாவது எழுதி வாங்கிவிடுங்கள். இந்த நூலில் பொய் சொல்லும்படி நான் யோசனை கூறுவது இந்த ஓர் இடத்தில்தான். அதேபோல, நாட்டு மருந்தோ லேகியமோ எண்ணெயோ எடுத்துக்கொண்டிருந்தால், திட்டுவார் என்று அஞ்சி மறைக்காதீர்கள். மறைத்த மருந்தையும் உடம்பு கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

உடன் வருபவர் விஷயம் சிக்கலானது. துணையில்லாமல் போனால் சொன்னது பாதி மறந்துபோகும். துணையோடு போனாலோ, பெண்ணாக இருப்பின், மருத்துவர் துணைவந்தவரோடு பேசத் தொடங்கிவிடுகிறார். என் கணவரும் அந்த முதல் தடவை, சபை மரியாதைக்காக, “ஆமா சார், கொஞ்சம் டென்ஷன்தான்” என்று ஆமோதித்துவிட்டார். அதற்காக நான் அவரை மூன்று நாள் மன்னிக்கவில்லை. பின்பு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம்: அவர் வியாதியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லக்கூடாது, தாம் கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். அடுத்த முறை அவர், “காலைல இவளுக்குச் சட்டைப் பொத்தானை நான்தாங்க போட்டு விடுறேன்” என்றார். என் மொத்த விவரணையைவிட அந்த ஒரு வாக்கியமே அதிக வேலை செய்தது. ஆண் சாட்சி சொன்னால்தான் பெண்ணின் வலி செல்லுபடியாகுமா என்று கோபம் வந்தது உண்மை. ஆனால் வேண்டியது சிகிச்சை; கோபத்தைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இனி, எல்லாம் சரியாகச் சொல்லியும், “மனசுலதான் இருக்கு” என்ற பதிலே வந்தால் என்ன செய்வது? மறுத்து வாதாடினால், பார்த்தீர்களா, எவ்வளவு பதற்றம் என்று அதுவும் சான்றாகிவிடும். எனக்குப் பலித்த வழி, பாதியை ஒப்புக்கொள்வது. “மனக்கவலையும் இருக்கிறது டாக்டர், அதற்கும் சிகிச்சை எடுத்துக்கொள்ளத் தயார். இந்த வீக்கத்துக்குக் காரணத்தையும் பார்த்துச் சொல்லுங்கள்.” ஒன்றை ஏற்பதனால் மற்றொன்றைக் கைவிட்டதாக ஆகாது என்பதை அமைதியாக அவர் முன் வைத்துவிடுகிறோம். அதன்பின், வேறு எதுவாக இருக்கக்கூடும் என்றும், எத்தனை நாளில் தேறாவிட்டால் திரும்பி வரவேண்டும் என்றும் கேளுங்கள். கேட்ட பரிசோதனையை வேண்டாமென்று சொன்னால், வேண்டாததற்குக் காரணத்தைச் சீட்டில் ஒரு வரி குறித்துத் தரும்படி வினயமாகக் கேளுங்கள். எழுதப் பேனாவை எடுக்கும்போது ஒருவர் இன்னொரு முறை யோசிப்பது மனித சுபாவம். மார்வலி, ஒரு பக்கம் கைகால் விழுதல், காய்ச்சலோடு ஒரே மூட்டு திடீரென்று சிவந்து வீங்குதல் போன்றவற்றில் இந்த உபாயங்களுக்கெல்லாம் இடமில்லை. அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

மருத்துவரை மாற்றுவதில் அவசரமும் கூடாது, தயக்கமும் கூடாது. மாதம் ஒருவராக மாற்றினால் ஒவ்வொருவரும் முதற்பக்கத்திலிருந்து தொடங்கி, அதே ஆர்.ஏ. ஃபேக்டரை மறுபடியும் எழுதுவார். மூன்று முறை போயும் கையைத் தொட்டுப் பாராதவரை, தொட்டுப் பார்த்தும் வியாதி வளர்ந்துகொண்டே போகையில் தம் எண்ணத்தைத் திருத்திக்கொள்ளாதவரை, விட்டு விலகுவதில் நன்றிகேடு ஒன்றுமில்லை. விலகும்போது காகிதங்களை விட்டுவிட்டு வராதீர்கள். நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் சொல்லுகின்றன. உள்நோயாளியாக இருந்தவர்களின் குறிப்புகளை மூன்று வருஷம் பாதுகாக்கவும் விதி இருக்கிறது. கவுண்டரில் இல்லை என்றால், இந்த விதியைச் சொல்லிக் கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். எங்கே போவது என்று தெரியாமல் பணத்தை இறைக்க வேண்டியதுமில்லை: மூட்டு வியாதிக்கு எலும்பு டாக்டரிடமே எல்லாரும் போகிறோம், வாதநோய்க்கென்று தனிப் பிரிவு சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இருக்கிறது, புதுவை ஜிப்மரிலும் அதற்குரிய துறை இருக்கிறது. கூட்டம் மிகுதிதான். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர் உங்கள் வியாதியைப் போன்ற நூறு வியாதியை அந்த வாரத்தில் பார்த்திருப்பார்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். மருத்துவர் அறையிலிருந்து வெளியே வந்தவுடன் மருந்துக்கடை வரிசையில் போய் நிற்காதீர்கள். வெளியே பெஞ்சு இருக்கும். ஐந்து நிமிஷம் அதில் உட்காருங்கள். அவர் என்ன சொன்னார், எதை இல்லையென்றார், எப்போது வரச் சொன்னார் என்பதை, வீட்டார் கேட்பதற்கு முன்னே, அவருடைய வார்த்தைகளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். என் பையில் அதற்காகவே கிழித்த காலண்டர் தாள்கள் நாலைந்து எப்போதும் இருக்கும். பென்சில் பிடிக்க விரல் வராத நாட்களில் கைபேசியில் பேசிப் பதிவு செய்துகொள்கிறேன். பக்கத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சிலர், “என்னம்மா எழுதுறீங்க?” என்று கேட்டுவிட்டு, தங்களுக்கும் ஒரு தாள் வாங்கிக்கொள்வதுண்டு.